காற்று எங்கிருந்து வந்தது

ஜெய்னப், ஓசூர் சிப்காட்டில் ஒயர் கோக்கும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள். எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுவாள். சூப்பர்வைசர்கள் யாருக்கும் அது பிடித்ததில்லை. வேலையை விட்ட பிறகு அவளும் கணவர் ரசூலும் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, பெங்களூரிலிருந்து ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கி வந்தார்கள். இரண்டு சக்கரம், உள்ளே படுக்கையும் அடுப்பும். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டியதுதான்.

முதல் பயணம் புதுச்சேரிக்கு. கிளம்பும்முன் ரசூல் வண்டியின் இரண்டு டயருக்கும் ஐம்பது காற்று வைத்தார். பர்கூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, சும்மா பார்ப்போமே என்று ஜெய்னப் ஒரு டயரில் காற்று அளக்கும் கேஜை வைத்தாள். ஐம்பத்தாறு காட்டியது. இன்னொரு டயரிலும் அதேதான்.

"என்னங்க, இங்க பாருங்க. யாரும் அடிக்கல. காத்து எங்கிருந்து வந்துச்சு?"

"ஜாஸ்தியா இருந்தா வெடிச்சிரும். எறக்கி விட்டுர்றேன்" என்றார் ரசூல். இடது டயரை ஐம்பதுக்கு இறக்கினார். வலது பக்கம் போனபோது ஜெய்னப் தடுத்தாள்.

"இத அப்படியே விடுங்க. ரெண்டும் எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்."

"டயர்ல என்ன வெளையாட்டு ஜெய்னப்?" என்று முணுமுணுத்தாலும் விட்டுவிட்டார்.

வாணியம்பாடி தாண்டியதும் வண்டி இடது பக்கமாக இழுக்கத் தொடங்கியது. ரோடு சாய்வு என்றார் ரசூல். கொஞ்ச தூரத்தில் அவரே பயந்துபோய் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். ஜெய்னப் இறங்கிப் புறங்கையால் டயரைத் தொட்டாள். வலது வெதுவெதுப்பாக இருந்தது. இடது சுட்டது, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

ரசூலும் தொட்டுப் பார்த்தார். "காத்த எறக்கின டயருதானே சூடு கம்மியா இருக்கணும்?"

அதையே யோசித்தபடி வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கம்பெனியில் ஒயரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் விரல் சுடுமே, அது நினைவுக்கு வந்தது அவளுக்கு.

"காத்து பத்தலன்னா டயரு நசுங்கி நசுங்கித்தானே ஓடும்? அதான் சூடாகுது போல."

வெயில் தாழ்ந்து டயர்கள் ஆறியபின் மறுபடி கேஜை வைத்தாள். வலது ஐம்பதுக்கு வந்திருந்தது. இடது நாற்பத்தைந்துதான்.

"காத்து எங்கிருந்தும் வரலீங்க. ஓடின சூட்டுல அளவு ஏறியிருக்குது. அதப் போயி நாம எறக்கிட்டோம்."

ரசூல் பம்ப்பை எடுத்து இடது டயருக்கு ஐம்பது வைத்தார். அதன் பிறகு வண்டி நேராக ஓடியது.

மறுநாள் காலை புதுச்சேரியில் ஜெய்னப் கண் விழித்தபோது ரசூல் வெளியே டயர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அடுத்து ஏற்காடு போனா, அந்தக் குளிருக்கு காத்து அளவு கொறையுமா?"

"தெரியலீங்க" என்றாள். "போய்ப் பாத்துரலாம்."