அணிலின் கை

கணினியில் பொம்மைகளை அசைய வைப்பது என் பிழைப்பு. எங்கள் புதுப் படத்தில் வரும் அணில், சிரிக்கும்போதெல்லாம் எத்துப்பல்லைக் கையால் பொத்திக்கொள்ளும். அந்த நாலு வினாடிக்காக மூன்று வாரம் விரல் விரலாக நகர்த்தினேன். யாரைப் பார்த்துச் செய்தேன் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் நாளே அக்காவைப் படத்துக்கு அழைத்துப் போனேன். அணில் வாயைப் பொத்தியதும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தாள். தன் எத்துப்பல்லை மறைக்க வழக்கம்போல் கை மேலே போனது. பாதி வழியில் நின்றது. மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்த அணில் நீ செஞ்சதாடா? அப்படியே உசுரோட இருக்கு."

"இல்லக்கா, ஆபீஸ்ல வேற எவனோ" என்றேன், வாய் கூசாமல்.