சோற்றுக்குள் ஒளித்த முட்டை

என் பேத்திக்குப் பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா. பெயரைச் சொன்னாலே என் பல்செட் கழன்றுவிடும். முட்டை, பருப்பிலுள்ள சத்து உடைபடாமல் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்குமாம். மருமகள் சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள்.

"பிள்ளைக்குச் சோறு போடுதியா, நகை எடை போடுதியாட்டி?" என்று கேலி செய்வேன். குற்றாலச் சீசன் முழுக்க, அருவியில் குளித்துவிட்டுப் பசியென்று அழுத பேத்திக்கு, மருமகளுக்குத் தெரியாமல் சோற்றுக்குள் முட்டையை ஒளித்து ஊட்டினேன்.

ரத்தப் பரிசோதனையில் அந்தச் சத்தின் அளவு ஏறியிருந்தது. தென்காசி டாக்டர் மருமகளைக் கடிந்தார். "அளந்துதான் குடுக்கேன் சார்" என்று அவள் அழுதாள். வாயாடியான நான் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். "அழாதம்மா. இனி ஆச்சி முட்டை தந்தா துப்பிருதேன்."

மருமகள் என்னைத் திட்டவில்லை. இப்போது சோற்றை நிறுப்பது நான்தான். ஒரு பருக்கை கூடினாலும் எடுத்துவிட்டு மறுபடி நிறுக்கிறேன்.