வினிகர் தின்ற ஓடு: கடல் நத்தையோடு வெண்ணந்தூரிலிருந்து சேலம் வரை

கார்த்திகையில் இதே பக்கத்தில், "அரிய கடல் நத்தை கிடைத்திருக்கிறது" என்று எழுதி உங்கள் வாழ்த்துகளை எல்லாம் வாங்கிக்கொண்டேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர் கோயிலுக்குப் போனபோது, கரையில் உதறிய வலைக் கழிவில் கிடைத்தது அது. எலுமிச்சம்பழ அளவு, பழுப்பு நிறம். மகளின் விலங்கியல் புத்தகத்தையும் செல்போனையும் வைத்துக்கொண்டு நானே படித்தேன். வலப்பக்கம், முதுகுப் போர்வைக்கும் பாதத்துக்கும் நடுவில் இறகு போல ஒற்றைச் செவுள். தலையில் சுருட்டிய வெற்றிலை போல இரண்டு உணர்கொம்பு. பக்கச்செவுள் நத்தைக் குடும்பம் என்பதுவரை வந்துவிட்டேன். எந்த இனம் என்று சொல்ல உள்ளே பார்க்க வேண்டும். முதுகுத் தோலுக்கடியில் நகம் போல மெல்லிய ஓடு ஒளிந்திருக்கும். வாய்க்குள் அரம் போலப் பல்வரிசை இருக்கும். சேலத்தில் ஒரு கல்லூரி விலங்கியல் பேராசிரியை போனில், "கொண்டாங்க்கா, நம்ம கரையில பதிவே ஆகாத இனமாக்கூட இருக்கலாம்" என்றார்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை 8.10 டவுன் பஸ். சுமார் 25 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மடியில் பாட்டில். கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ஊறுகாயா? எங்கிட்ட தயிர்சாதம் இருக்குதுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான். பழைய பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

பேராசிரியை திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். முதுகுத் தோலைக் கீறி விலக்கினார். ஓடு இருக்க வேண்டிய இடத்தில் வெங்காயச் சருகு போல ஒரு சவ்வுதான் இருந்தது.

"எதுலீங்க்கா போட்டு வெச்சீங்க?"

"வினிகர்லங்க."

"ஸ்பிரிட் கெடைக்கலீங்களா?"

"கெடைச்சுதுங்க. ஊட்டுக்காரரு மாலை போட்டிருந்தாருங்க. சாராய வாசம் ஊட்டுக்குள்ள ஆகாதுன்னு..."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "சீண்டுனா தோல்லருந்து ஆசிட் உடற உசுருங்க இது. அதையே ஆசிட்ல போட்டீங்களே!"

ஓட்டின் சுண்ணாம்பு வினிகரில் கரைந்துவிட்டது. பல் கரையவில்லை. நுண்ணோக்கியில் கொக்கி கொக்கியாக, வரிசை வரிசையாகத் தெரிந்தது. ஆனால் அதே மாதிரிப் பல் இரண்டு இனங்களுக்கு உண்டாம். பிரித்துச் சொல்ல ஓடுதான் வேண்டும். இனி சொல்ல வழியில்லை.

"கொம்பு ரெண்டும் உள்ள இழுத்திருக்குது, உசுரோட போட்டாத்தான் இப்படி ஆகும். செத்ததைத்தான எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பொய். கடல் தண்ணீரில் வீடுவரை உயிரோடுதான் வந்தது. மறுநாள் காலையிலும் பாட்டில் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தது. விரத நாள், வீட்டில் ஒரு முட்டைகூட உடைக்கவில்லை. பூஜை அறையில் வீட்டுக்காரர் சரணம் சொல்ல, நானும் கூடச் சொல்லிக்கொண்டே அடுக்களையில் வினிகரை ஊற்றினேன். அது சுருண்டது. வாசத்துக்குப் பயந்த எனக்கு அது பாவமாகவே படவில்லை.

இப்படி எதையாவது கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்யுங்கள், மதியம் வகுப்பு இருக்கும். எனக்குப் போக வர 40 ரூபாய், டீ 15. செத்துக் கிடந்தால் மட்டும் எடுங்கள், அதையும் ஸ்பிரிட்டில் போடுங்கள். ஊறுகாய்ப் புத்தி வேண்டாம். உயிர் இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விடுங்கள்.

கிளம்பும்போது பேராசிரியை பாட்டிலுக்கான அட்டையை நீட்டி, "நீங்களே எழுதுங்க்கா" என்றார். 'எடுத்தபோது இருந்த நிலை' என்று ஒரு வரி. பேனா நகரவில்லை. பிறகு 'உயிரோடு' என்று எழுதினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார். அட்டையை அப்படியே ஒட்டி அலமாரியில் வைத்தார். இனத்தின் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது.