ஜெயித்தவர்கள் கடைசி வரியில்

ஜவ்வாது மலையில் இருந்தபடியே ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பகுதி நேர நிருபராகப் பல வருடங்களாக எழுதுகிறேன். விளையாட்டுச் செய்தி என்றால் பெரும்பாலும் கபடிதான்.

ஒரு பொங்கலுக்குக் கலசப்பாக்கத்தில் நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில், எங்கள் மலை அணி அந்த ஊர் அணியை வென்றது. அணித் தலைவன் சாமை விதைக்கிற குடும்பத்துப் பையன். கடைசி ரெய்டில் இரண்டு பேர் காலைப் பிடித்திருக்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் கை வைத்தான். உள்ளூர்க் கூட்டத்தில் கைதட்டவும் ஆளில்லை. நடந்ததை அப்படியே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் பேப்பரில் தலைப்பு, ‘இறுதிவரை போராடிய கலசப்பாக்கம் வீரர்கள்’. மலை அணி வென்ற விஷயம் கடைசி வரியில் இருந்தது.

தலைவன் படித்துவிட்டுக் கேட்டான்: “இன்னா சார், ஜெயிச்சது நாங்களா, அவங்களா?”

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். செய்தி ஆசிரியர் நிதானமாகவே பேசினார். “மலைக்கு எத்தினி பேப்பர் போவுதுங்க? வாங்குறவன் ஊர்ப் பேருதான மேல இருக்கணும்?”

வாதாடத் தெம்பில்லை. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

அடுத்த பொங்கலிலும் அதே இரண்டு அணிகள். இந்த முறை எங்கள் பையன்கள் ஆரம்பத்திலிருந்தே தடுமாறித் தோற்றார்கள். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் தலைவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அம்பயர் சரியில்லன்னு எழுதுங்க சார். போன தபா அவங்களுக்காக எழுதனாங்க இல்ல? எங்களுக்கு நீங்கதான இருக்கீங்க.”

“அம்பயர் மேல தப்பு இல்லியேப்பா.”

“எனக்குத் தெரியாதா சார்?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடந்ததைத்தான் எழுதினேன். ஒரு வார்த்தைகூட மாறாமல், படத்தோடு பெரிதாக வந்தது. என் எழுத்து அப்படி முழுசாக வந்தது அதுதான் முதல் தடவை. பார்க்கவே அலுப்பாக இருந்தது.

மலையில் யாரும் சண்டைக்கு வரவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டார்கள். சந்தையில் எதிரே வந்த தலைவன் மட்டும் நின்றான்.

“நெசத்ததான் எழுதனீங்க. ஆனா நாங்க தோத்தா மட்டும்தான் நெசம் வருது சார்.”

கோபமில்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கண்ணமங்கலத்தில் ஒரு வாலிபால் போட்டி. போய்ப் பார்த்து எழுதி அனுப்பினேன். பேப்பரில் அதை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கவில்லை.