தறி நின்ற அரை மணி நேரம்

"விளையாட்டின் பின்னணியில் ஓர் எஞ்சின் சத்தம் வருகிறதே, அது எந்த வண்டியினுடையது? நாங்கள் அப்படி ஒரு சத்தத்தைச் சேர்க்கவே இல்லையே" என்று பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி கேட்டிருந்தார். நான் அனுப்பிய முதல் பதிவைக் கேட்டுவிட்டு அவர் எழுதிய ஒரே கேள்வி அதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. எஞ்சின் சத்தமாவது ஒன்றாவது! பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். லாரி ஓடும் சத்தம், மழை, என் குரல். வேறு எதுவுமே இல்லை. ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டி மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தடக் தடக் தடக். எங்கள் தெருத் தறிகள்!

வெண்ணந்தூரில் பிறந்தவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் காதில் விழாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. இரவு பகல் பாராமல் ஓடும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே கேட்பதால், அதைச் சத்தம் என்று எண்ணும் பழக்கமே எங்களுக்கு இல்லை. அதனால் ஒரு மணி நேரத் தறி ஓட்டத்தைப் பதிவு செய்து, அதற்கு நடுவே நானும் கொஞ்சம் கத்தி, அதை விளையாட்டுப் பதிவு என்று பெருமையாக அனுப்பியிருந்தேன். இந்தப் பிழையை உலகத்தில் எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டுகள் கடைக்கு வரும் முன் அவற்றை ஆடிப்பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று சொல்வது. லாரி பாலத்துக்குள் புதைந்தால் சொல்ல வேண்டும், மழை கூரைக்குள் பெய்தால் சொல்ல வேண்டும். பெங்களூர் அலுவலகத்தில் இதைச் செய்துகொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டதும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். அம்மா இல்லை, நான் ஒரே பெண். விடுப்பு தீரப்போகும் நேரத்தில் மேலதிகாரி ஒரு வழி சொன்னார். ஆடுவதைக் கணினித் திரையிலிருந்தே படமாகப் பதிந்து, ஆடும்போதே குறைகளை வாயால் சொல்லி அனுப்பினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். பதிவு தெளிவாக இருக்க வேண்டும், நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. அது சரிவராவிட்டால் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் அப்பாவைச் சேலத்தில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டியிருக்கும். அந்த இல்லங்களில் ஒன்றைப் போய்ப் பார்த்தும் வந்திருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரும் வழியெல்லாம் பேருந்தில் அழுதேன்.

மென்பொருள் தேடிய கதை தனிக் கதை. கணினியோடு வந்த பதிவுக் கருவி ரொம்பச் சுலபம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் என் குரலையும் விளையாட்டின் ஒலியையும் கூட்டாஞ்சோறாகக் கிண்டிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. அடுத்து ஒன்றை இறக்கினேன். அது தன் பெயரைப் படத்தின் நட்டநடுவில் பெரிதாக எழுதி, பத்து நிமிடத்தில் தானாக நின்று, பணம் கட்டு என்றது. மூன்றாவது இலவசமானது, உலகமே பயன்படுத்துவது. திறந்ததும் விமான ஓட்டியின் அறைபோல் திரை நிறையப் பெட்டிகள். படம் எங்கிருந்து, ஒலி எங்கிருந்து, எத்தனை தடம், எந்த அளவு என்று எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். பதிவு செய்தேன். ஓடவிட்டால் திரை முழுக்கக் கும்மிருட்டு, என் குரல் மட்டும் இருட்டுக்குள் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முழுக்க அந்த இருட்டோடு மல்லுக்கட்டினேன். எவனோ முகம் தெரியாத ஒருவன், பல வருடம் முன்பு இணையத்தில் யாருக்கோ எழுதிய பதிலில் வழி கிடைத்தது. மென்பொருளை நிர்வாகி உரிமையோடு திற, விளையாட்டைத் தனி மூலமாகச் சேர், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தான். படம் வந்துவிட்டது. அவன் எந்த நாட்டுக்காரனோ, அவன் வயிறு குளிரட்டும் என்று நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன். இன்றைக்கும் பதிவு தொடங்கும்போது சில நாள் அவனை நினைத்துக்கொள்வேன்.

படம் வந்த பிறகுதான் அந்த எஞ்சின் கேள்வி. "அது எங்கள் தெருச் சத்தம்" என்று பதில் எழுதினேன். மேலதிகாரி விளையாட்டின் புதிய பதிப்பு ஒன்றைச் செவ்வாய்க்கிழமை அனுப்பினார், வெள்ளி மாலைக்குள் சத்தமில்லாத அரை மணி நேரப் பதிவு வேண்டும் என்றார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவர் எழுதவில்லை. எழுதாவிட்டால் புரியாதா?

இரைச்சலை வடிகட்டும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. கொஞ்சம் வைத்தால் தறி கேட்டது. நிறைய வைத்தால் தறியோடு சேர்த்து என்னையும் வடிகட்டிவிட்டது. கிணற்றுக்குள் விழுந்தவள் பேசுவதுபோல் இருந்தது. மைக்குக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினேன். எங்கள் வீட்டுத் தரையே அதிரும்போது ஜன்னல் என்ன செய்யும்?

புதன்கிழமை மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். அப்போதுதான் உருப்படியாக ஒரு யோசனை வந்தது என்று நினைத்தேன். கரண்ட் போனால் தறி நிற்கும், கணினி யுபிஎஸ்ஸில் ஓடும், அதற்குள் முடித்துவிடலாம். கரண்ட் போனது. தறிகள் நின்றன. நான் ஆட ஆரம்பித்தேன். யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் இல்லாதபோது கத்துவதுதான் அதன் பிறவிக் குணம் என்பதை மறந்தே போனேன். போகட்டும் என்று தொடர்ந்தால், மலைப்பாதை பாதி ஏறும் முன் எல்லாம் அணைந்தது. பதிந்த கோப்பும் திறக்க மறுத்தது. கோப்பு வகையை மாற்றி வைத்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும் என்று பிறகு படித்தேன். உடனே மாற்றிவைத்தேன். அன்றைக்கு மட்டும் பயனில்லை.

வியாழன் காலை வாசலில் நின்றிருந்தபோது எதிர்வீட்டு அக்கா தறிப்பட்டறையிலிருந்து வெளியே வந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவரும் அவர் வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறார்கள்.

"ஏஞ்சாமி, மொகம் இப்படித் தொங்கிக் கெடக்குது? அப்பனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காருங்கக்கா. எனக்குத்தான் வேல போயிரும்போல இருக்குது. நான் வெளையாடறதப் படம் புடிச்சு அனுப்போணும். தறிச் சத்தம் உள்ள வந்துருதுங்க."

"வெளையாடறதுக்குச் சம்பளமா! எம்பட ஊட்டுக்காரருக்கு அந்த வேல கெடைக்குமா கேளு" என்று சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்து நின்று கவனித்தார். "சத்தமா? அதெங்க கேக்குது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பெங்களூர், விடுப்பு, சேலத்து இல்லம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா முழுக்கக் கேட்டார்.

"எத்தன நேரம் வேணும்?"

"அரை மணி நேரமுங்க."

"அப்ப நிறுத்துனாப் போச்சு."

"ஐயோ, வேண்டாமுங்கக்கா!" என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் தறி நிற்கும், பண்டிகைக்கு நிற்கும். வேலை நாளில் பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போதே தெருத் தறியெல்லாம் ஒன்றாக நின்றால் அதற்கு ஒரே பொருள்தான். தெருவில் சாவு. பாடை தெருவைத் தாண்டும் வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். கல்யாணத்துக்குக்கூட எங்கள் தெருவில் தறி நின்றதில்லை. நெய்தால்தான் கூலி, நின்றால் நின்றதுதான். எப்படி வாய் கூசாமல் கேட்பது?

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "செத்தவிங்களுக்கு நிறுத்தறோம். அவிங்க வந்து கேட்டாங்களா? நீ உசுரோட இருக்கற, நீ கேக்கற. உனக்கு நிறுத்துனா என்ன கொறஞ்சு போயிருமாமா? நாளைக்கு ராகு காலம் போவட்டும். பன்னெண்டு மணிக்கு மேல நிறுத்தறோம், நான் போய்ச் சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு தாண்டியதும் முதலில் அக்கா வீட்டுத் தறி நின்றது. அடுத்து அதற்கு அடுத்த வீடு. ஒவ்வொன்றாய் நின்று கடைசித் தறியும் அடங்கியபோது காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஓடும் ஒலிகூடக் கேட்டது. பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினால் ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொட்டது. பிறந்ததிலிருந்து தறிக்கு மேலே கத்தியே பேசிய தொண்டை! குரலைத் தணித்துக்கொண்டு, பாரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் ஏற்றினேன். இந்த வளைவில் பின்சக்கரம் தரைக்குள் இறங்குகிறது, இந்த மரத்துக்கு நிழல் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் ஏதோ உரசும் ஓசை. திரும்பினேன். அறை வாசலில் அப்பா.

மாத்திரை போட்டுத் தூங்குகிறாரே என்று அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவரை அமைதி எழுப்பிவிட்டிருக்கிறது. என் கையைப் பிடிக்காமல் நாலடி நடக்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்தைத் தாண்டி வந்திருந்தார். இடது கை கதவு நிலையைப் பற்றியிருந்தது. வலது கால் வெடவெடவென்று நடுங்கியது.

"ஆரு சாமி... போயிட்டது?" என்றார் குழறலாக. கண்ணெல்லாம் பயம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தேடித்தான் வந்திருக்கிறார் என்று அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. முதலிலிருந்து தொடங்க இன்னொரு அரை மணி நேரத்தைத் தெருவிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? இதையெல்லாம் யோசித்தது ஒரு நொடிதான். வேலை போனால் மயிரே போச்சு என்று எழுந்து ஓடி அவரைத் தாங்கிப் பிடித்தேன். மேஜைமேல் மைக் அப்படியே பதிந்துகொண்டிருந்தது.

"ஆரும் போகலீங்கப்பா. எல்லாரும் நல்லாருக்காங்க. என்ற வேலைக்காகத் தறிய நிறுத்தி வெச்சிருக்காங்க."

"கரண்டு இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. பாருங்க, ஃபேன் சுத்துது."

ஃபேனை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "உனக்காகவா?" என்றார். நாற்பது வருடம் தறி ஓட்டிய மனிதர், அந்த அமைதிக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். கண் கலங்கியது. அடுத்த நிமிடமே நல்ல கையால் என்னைக் கணினிப் பக்கம் தள்ளினார்.

"அப்பறம் இங்கென்ன பேச்சு? வெரசா முடி. அவிங்க சும்மா நிக்கறாங்கல்ல?"

முடித்தேன். விட்ட இடத்திலிருந்து லாரியை எடுத்து, கடைசிக் குறை வரைக்கும் சொன்னேன். கதவைத் திறந்தால் தெரு நிறைய ஆட்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் தோளில் துண்டோடு துக்க முகமாக வந்து நின்றிருந்தார். அக்கா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் வாய் திறக்கவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதுங்கக்கா" என்றதும் அவரவர் தறிக்குப் போனார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். அதைப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

நடுவில் நடந்ததை அப்படியே விட்டு, காரணத்தை ஒரு வரி எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. பதிவு தெளிவாக இருக்கிறது, வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம், அப்பா இப்போது நலமா என்று மேலதிகாரி கேட்டிருந்தார். நல்ல மனிதர். அவரை மனதுக்குள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து நன்றி எழுதினேன்.

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, ஒரு நல்ல சேதிங்க..." என்று தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டார்.

"எங்கிட்ட அப்பறஞ் சொல்லலாம். மொதல்ல எதுத்த ஊட்டுல போய்ச் சொல்லு, சாமி."

போனேன். பட்டறையில் தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா நின்ற ஒரு தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். "வேல நெலச்சிருச்சுங்கக்கா! நான் இங்கயேதான் இருக்கப்போறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு, தலையை ஆட்டினார். முந்தானையால் கண்ணை ஒரு துடை துடைத்துக்கொண்டார். ஓடும் தறிகளை நிறுத்தாமலே என்னைவிடப் பலமாகக் கத்தினார்.

"அப்ப மாசத்துக்கு எத்தன தடவ நிறுத்தோணும்னு இப்பவே சொல்லிரு!"