அந்தோணிக்கு என்ன நட்சத்திரம்?

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம், ராணுவத்தில் இருக்கும் என் கணவர் முனிராஜும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோணியும் வடக்கே இருந்தார்கள். இருவரிடமிருந்தும் போன் இல்லை. ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் நாங்கள் இருவரும், கேன்டீனில் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருப்போம்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் என் கணவர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அவர் பேருக்கு மட்டும்தான். அக்காவின் நினைப்பே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அக்கா கூப்பிட்டாரே என்று சர்ச்சுக்குப் போனேன். ஜெபத்துக்கான பெயர்களை ஃபாதர் வாசித்தார். முதலில் முனிராஜ், அடுத்துதான் அந்தோணி. எழுதிக் கொடுத்தது அக்கா. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் தனியாகக் கோயிலுக்கு ஓடினேன்.

"அந்தோணி பேருக்கு ஒரு அர்ச்சனை, சாமி."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம் என்னம்மா?"

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அண்ணனுக்கு என்னா நட்சத்திரம்?"

"எங்களுக்கு ஏது கண்ணு? கிறிஸ்துமஸுக்கு வாசல்ல ஒண்ணு கட்டுவோம், அவ்ளோதான்!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பூசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பேரை மட்டும் சொல்லிடறேன். ஆத்தாவுக்குத் தெரியாத புள்ளையா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலில் ஒலித்தது அக்காவின் போன்தான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் கணவர் பேசினார். அந்த ஒரு மணி நேரமும் நான் மனசார சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.