படத்தில் ஏழே நாள்

போன புதன்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு குடோனில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு சாம்பிள் எடுக்கிறவன். எனக்கு ஏன் அந்த வேலை?

என் மனைவி தனத்துக்கு மார்பில் கட்டி. கேன்சர்தான். சதைத் துண்டு எடுத்து வெளியூர் லேபுக்கு ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், ரிப்போர்ட் வந்தால்தான் எந்த மருந்து என்று முடிவாகும் என்றார்கள். பத்து நாள் என்றார்கள். புதன்கிழமையோடு இருபத்திரண்டு.

என் பயங்களை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் நான். சும்மா இருப்பேனா? தினமும் போட் பிடித்துப் போய் கவுண்டரில் நின்றேன். தினமும் ஒரே பதில்.

"லேபுக்குப் போயிட்டுண்டு சேட்டா. பேடிக்கண்டா."

பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்கு நிஜமான பயமே ஆரம்பிக்கும்.

தினமும் பார்க்கிற முகம் என்பதாலோ என்னவோ, அங்கே கோஆர்டினேட்டராக இருக்கும் ஜிஷா ஒரு நாள் கூப்பிட்டாள். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பார்த்துச் செய்யற கேன்சர் சிகிச்சை... அதுக்கு அஞ்சு வருஷப் பிளானிங் மீட்டிங். நோயாளிங்க தரப்புல ஒராள் வேணம். சேட்டன் வருமோ?"

போனேன். எல்லோர் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை. என் அட்டையில் 'நோயாளிப் பிரதிநிதி'. பெயர் இல்லை. தனித்தனிக் கவனிப்பு!

ஏசி, கட்லெட், சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. ஆளுக்கொரு கனவை எழுதி ஒட்டினார்கள். திரையில் ஒரு வட்டம், அதன் நடுவில் 'நோயாளி', சுற்றிலும் அவரைப் பார்த்து அம்புகள். எல்லோரும் சேர்ந்து குறிவைக்கிற மாதிரி இருந்தது.

பெரிய டாக்டர் அடுத்த படத்தைப் போட்டார். 'ஒரு நோயாளியின் பயணம்'. முதல் நாள் ஃபாரம். இரண்டாம் நாள் சாம்பிள் லேபுக்கு. ஏழாம் நாள் மருந்து ஆரம்பம். என்ன வேகம்! ஓரத்தில் அழகுக்கு ஒரு நிஜ ஃபாரம். பெயரைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். கீழே சாட்சிக் கையெழுத்தை விட்டுவிட்டார்கள்.

கட்டத்தை விட்டு வெளியே ஓடி, கீழே சரிந்து, பக்கத்தில் மிளகுத் தூசியோடு ஒரு கட்டைவிரல் கறை... இப்படிக் கையெழுத்துப் போடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான், நான்.

எழுந்துவிட்டேன். "சார், அது என் பொண்டாட்டி ஃபாரம்."

"சேட்டா, இது சும்மா ஒரு மாதிரி..."

"மாதிரி இல்ல சார், தனம். ஒரிஜினல் எங்கே?"

ஜிஷா பிளானிங் ஃபைலைத் திறந்தாள். இருந்தது — கசங்காமல், பிளாஸ்டிக் உறைக்குள், பத்திரமாக! படத்துக்காக ஸ்கேன் எடுக்க வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஃபாரம் இல்லாமல் சாம்பிள் கிளம்பாது. தனித்தனி சிகிச்சையைத் திட்டமிடுகிற ஃபைலுக்குள் அவள் ஃபாரம். கீழ்த்தளத்து டப்பாவுக்குள் அவள் சதை. இருபத்திரண்டு நாளாக.

பெரிய டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். "இனி இப்படி நடக்காம இருக்க சேட்டன் என்ன சொல்றீங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். "எங்க குடோன்ல குத்தூசி போட்டு எடுத்த மிளகையும் சீட்டையும் ஒண்ணா பொட்டலம் கட்டின பிறகுதான் அடுத்த மூட்டையைத் தொடுவோம். சீட்டைத் தனியா முதலாளி கேட்டாலும் குடுக்க மாட்டோம் சார்."

கைதட்டினார்கள். அதையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்!

நான் நிற்கவில்லை. ஜிஷாவையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். டப்பாவும் ஃபாரமும் ஒரே கவரில் போய், கூரியர் வண்டி கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ இனிமேதான் பத்து நாளா?"

"ஆமா. படத்துல மட்டும் ஏழாம் நாளே உனக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு."

பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, அடுத்த மீட்டிங்குக்குப் போனா அந்தப் படத்துல இருக்கிறவளைக் கேட்டுட்டு வாங்க... முடி கொட்டுச்சான்னு."